மலையகமும் சமூகவியற் பட்டமும்

1869 ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். இலங்கைக் கோப்பியின் அழிவு அங்கேதான் முதன்முதலாகத் தலைகாட்டிற்று. பத்தாண்டு கழிந்தது, தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 1880 இல், கேம்பிறிட்ஜிலே கல்வியை முடித்துக்கொண்டு வெளிவந்த மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்துப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமர்த்தியது. அவர் அந்நோயின் தோற்றத்தையும் பரவலையும் நுணுகி ஆராய்ந்தார். கோப்பியைக் காப்பாற்ற அவரால் இயலவில்லை. ஆயினும் தாவர நோயியலின் வரலாற்றில் அவ்வாய்வு நிலைத்துவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1925 இல் தேயிலைக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் கிளையொன்று நமுனுகுல மலைக்கு அண்மையிலே பசறையிலும் உண்டு.

இலையை ஆராய அறிஞர் வேண்டும் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இலையைப் பறித்த மக்களைப் பற்றியோ எழுதப்படாமல் இருந்ததில்லை. துரைமார் எழுதினர், தொழிற் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆண்டறிக்கை எழுதினர், கங்காணிமாரின் கடன் கணக்கும் செக்றோலும் நாள்தோறும் எழுதப்பட்டன. ஆனால் இவை யாவும் ஆட்களை எண்ணுவதற்காக எழுதப்பட்டவை. ஒரு சமூகமாக அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எவ்வாறு மணம் செய்கின்றனர், எவரை எவர் தாழ்த்துகின்றனர், கடன் எவ்வாறு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது என்னும் வினாக்களைக் கேட்பதற்கென்றே ஒரு கல்வித்துறை உண்டு. அதுவே சமூகவியல். அத்துறையில் ஒருவன் தேர்ச்சி பெறுவதற்குப் பல்கலைக்கழகங்கள் வகுத்திருக்கும் படிகள் இரண்டு: கலைமாணி ஒன்று, முதுகலைமாணி மற்றொன்று. இவ்விரு படிகளும் இந்நாட்டிலே எவ்வாறு அமைந்தன, நமுனுகுலத் தோட்டத்துப் பிள்ளைக்கு அவை ஏன் எட்டாமற் போயின என்பதை ஆராய்வது பட்டதாரிகளின் சொந்தக் கதையை ஆராய்வதாகாது. ஒரு மக்கட் கூட்டம் தன்னைப் பற்றித் தானே எழுதும் உரிமையின் வரலாறு அது.

1921 இல் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றியது. 1942 இல் சேர் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சமூகவியல் அங்கு 1949 இல் தனித்துறையாயிற்று. அமெரிக்கரான பிறைஸ் றயன் அதன் முதற் பேராசிரியர். 1952 இல் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தபொழுது சமூகவியலும் உடன் சென்றது.

துறையின் தொடக்க காலத்து நூல்களை எடுத்து நோக்குவோம். றயன் 1953 இல் வெளியிட்ட நூல் இலங்கையின் சாதியமைப்பைப் பற்றியது. சிங்களச் சமூகத்தின் சாதிமுறையே அதன் பொருள் என்பதை நூலின் துணைத்தலைப்பே கூறிவிடுகிறது. 1956 இல் வந்த றல்ப் பீரிஸின் நூல் கண்டி இராச்சிய காலத்துச் சிங்களச் சமூக அமைப்பை விளக்கியது. அடுத்த ஆண்டு, என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் சேர்ந்து கண்டிப் புறத்துக் கிராமங்களின் சிதைவைப் பற்றி எழுதினர். இவை அரிய நூல்கள் என்பதில் ஐயமில்லை. தம்பையாவோ பின்னாளிற் கேம்பிறிட்ஜ், சிக்காகோ, ஹாவர்ட் எனப் பல பல்கலைக்கழகங்களிற் கற்பித்து உலகறிந்த மானிடவியலாளராக விளங்கியவர். 1956 இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு கல்லோயாக் குடியேற்றத்தில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபொழுதே இனக்கலவரத்தை நேரிற் கண்டவர். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. பேராதனை மாணவன் தன் விடுதியின் சாளரத்தைத் திறந்தால் கண்ணிற்படுவது ஹந்தானை மலை. அம்மலைச் சரிவிலே தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களிலே லயங்கள் இருந்தன. அரசாங்கமும் இதே காலத்திற் கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய ஆணைக்குழு ஒன்றை அமைத்து 1951 இல் அறிக்கை பெற்றது. ஊவாவின் கிராமத்தான் அவ்வறிக்கையிலே பொருளாக நின்றான். அவன் நிலத்தை இழந்த இடத்திலே குடியிருத்தப்பட்டவனோ, கிராமத்தானின் துயரத்துக்கு ஒரு காரணமாக அன்றி, தனக்கென ஒரு துயரமுடையவனாகக் கருதப்படவில்லை.

இதற்கு ஆய்வாளரின் மனப்போக்கை மட்டும் குறைகூறிப் பயனில்லை. லயத்திலிருந்து வந்து அந்த வகுப்பில் அமர்ந்து, எங்களைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்ல அன்று மாணவர் இல்லை. ஏன் இல்லை?

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின்மீது சுமத்தியது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளே அச்சட்டத்தின் கணக்கில் வந்தனர். ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை, எழுத்தும் கணக்கும். பத்து வயதான பிள்ளை கொழுந்துக் கூடைக்குரியது என்பது சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை என்றனர். நாட்டின் வரலாற்றிலே பெரும் புரட்சி அது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அப்பொழுதும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பாடசாலையிற் படிப்பவனுக்குப் பல்கலைக்கழகம் இலவசமாய் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

அதன் பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா சென்றார். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. பல்கலைக்கழகத்திலே சமூகவியல் தனித்துறையான ஆண்டும் 1949 தான். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை. ஆனால் தொடர்பே இல்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. சமூகவியல் கற்றவன் அக்காலத்தில் நாடியது அரசாங்க உத்தியோகத்தை. பிரசையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கற்றும் பயன்பெற முடியாத கல்விக்கு எந்தத் தகப்பன் மகனை அனுப்புவான்?

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்தே. அதுவும் ஒரேயடியாக நிகழவில்லை. பல ஆண்டுகள் எடுத்தன. 1980களிலே சுவீடன் நாட்டின் உதவியால் வகுப்பறைகள் எழுந்தன. ஆசிரியர் பயிற்சி பெற்றனர். உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு தொடங்கிய தோட்டப்புறப் பாடசாலைகள் பெருகியது அதற்கும் பின்னரே. இலவசக் கல்வி நாடெங்கும் அறிவிக்கப்பட்டதற்கும் அது லயத்தின் வாசலை அடைந்ததற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் ஓடிவிட்டது.

இந்த இடைக்காலத்தில் மலையகத்தை ஆராய்ந்தவர்கள் வெளியிலிருந்து வந்தனர். இந்திய ஆய்வாளரான ஆர். ஜயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களின் சமூக அமைப்பை ஆராய்ந்து எழுதிய நூல் 1975 இல் வெளிவந்தது. தோட்டத்திலே சாதி தேய்ந்ததா, தொடர்ந்ததா என்பது அவருடைய வினா. நோர்வே நாட்டவரான ஒட்வார் ஹொலுப் 1994 இல் வெளியிட்ட நூலும் சாதியையும் கட்டுண்ட உழைப்பையும் பற்றியதே. மடுல்சீமைக் கோப்பியிலை நோயுற்றதற்கும் அதை ஆராய அறிஞர் வந்ததற்கும் இடையே கழிந்தவை 11 ஆண்டுகள். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே சமூகவியற் றுறை தோன்றியதற்கும் ஜயராமனின் நூலுக்கும் இடையே 26 ஆண்டுகள். இடையில் சி. வி. வேலுப்பிள்ளையைக் குறிப்பிடாமற் செல்வது தகாது. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராய் இருந்தவர், கவிஞர், தொழிற்சங்கவாதி. தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டினார். அவர்களின் வாழ்க்கையை உரைநடையிலும் எழுதினார். சமூகவியற் பட்டம் எதுவுமின்றி, அப்பட்டம் பெற்ற பலர் செய்யாத பணியைச் செய்தார். ஆனால் ஒரு சமூகம் தன் வரலாற்றுக்காக ஒரு கவிஞரின் ஓய்வு நேரத்தை நம்பியிருக்கலாகாது.

இனிப் படிகளின் அமைப்பைப் பார்ப்போம். இது சற்று நுணுக்கமானது. ஆயினும் இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே கலைமாணிப் பட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்தது. பொதுப் பட்டம் மூன்றாண்டு. பல பாடங்களைச் சிறிது சிறிதாகக் கற்பது. சிறப்புப் பட்டம் நான்காண்டு. ஒரு துறையை ஆழக் கற்பது. முதலாண்டுப் பரீட்சையின் பெறுபேறே எவன் எந்த வழியிற் செல்வான் என்பதைத் தீர்மானித்தது. சமூகவியற் சிறப்பு மாணவன் இறுதியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்; அதற்காக ஓர் ஊரிலே தங்கி மக்களோடு பேசி விவரம் திரட்ட வேண்டும். பொதுப் பட்ட மாணவனுக்கு அக்கட்டாயம் இல்லை. அவன் சமூகவியலைப் புத்தகத்திற் கற்றுப் பரீட்சையில் எழுதிவிட்டு வீடு திரும்புவான். பின்னர் முதுகலைமாணியை நாடினால், சிறப்புப் பட்டதாரி நேரே சேரலாம். பொதுப் பட்டதாரியோ பெரும்பாலும் தகுதிகாண் பரீட்சை ஒன்றைத் தாண்டியே சேர முடிந்தது. 2012 இல் நாட்டின் தகைமைச் சட்டகம் வகுக்கப்பட்டபொழுது இப்படிகளுக்கு இலக்கம் இடப்பட்டது: மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், பாடநெறி வழியான முதுமாணி ஒன்பதாம் மட்டம், ஆய்வோடு கூடியது பத்தாம் மட்டம். இடையிலுள்ள ஏழும் எட்டும் பட்டப்பின் சான்றிதழுக்கும் டிப்ளோமாவுக்கும் உரியவை.

இவ்வாறு படிகளை விலக்கி வைப்பது உலக நியதியன்று. ஒக்ஸ்போட்டிலே கலைமாணியானவர் சில ஆண்டுகள் கழியப் பரீட்சையின்றியே முதுகலைமாணி ஆகிவிடலாம். அங்கு அது மூப்பின் அடையாளம். ஸ்கொத்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களிலே நான்காண்டு கற்ற மாணவன் பெறும் முதற் பட்டமே எம்.ஏ. எனப் பெயர் பெறும். 1999 இல் ஐரோப்பிய நாடுகள் பொலோஞா நகரிற் கூடி, இளமாணியையும் முதுமாணியையும் அடுத்தடுத்த இரு சுற்றுகளாக இணைக்கத் தீர்மானித்தன. மூன்றாண்டும் இரண்டாண்டும் என்பதே பல நாடுகளில் வழக்காயிற்று. இந்தியாவின் கதை தலைகீழானது. 1919 இல் பம்பாயில் பற்றிக் கெடிஸ் தொடங்கி, பின்னர் ஜி. எஸ். குர்யே வளர்த்த சமூகவியற் றுறை முதுகலை மாணவருக்காகவே அமைந்தது. அடிப்படி பிறகு வந்தது. ஐதராபாத் மத்திய பல்கலைக்கழகமோ 2006 அளவில், பள்ளி முடித்த மாணவரை ஐந்தாண்டில் நேரே முதுகலைவரை கொண்டு செல்லும் இணைந்த நெறியை ஏற்படுத்தியது. இடையில் வேறோர் அனுமதிப் பரீட்சை இல்லை. விடுதியை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இன்னொரு விண்ணப்பம் எழுதக் காசு தேட வேண்டியதில்லை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரு படிகளுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு சிறு ஓய்வு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது பள்ளம். நாம் ஏன் இவ்வாறு கூறுகிறோம்?

நமுனுகுலவைச் சூழ்ந்த தோட்டங்களிலே உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைக்கு முதலில் கிட்டுவது பெரும்பாலும் பாடசாலைத் தொழில். 2014 இன் பின்னர் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்ட இளைஞருக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு வழங்கப்பட்டது. பின்னர் அது 10,000 ஆயிற்று. அந்தப் பணத்தோடு அவர்கள் வகுப்பை நடத்தினர், பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றனர், வெளிவாரிப் பட்டத்துக்கும் படித்தனர். அவர்களோடு ஒரே ஆசிரியர் அறையிலிருந்த நாம் அவர்களின் உழைப்பை அறிவோம். அவர்களிற் பலர் பட்டதாரிகளாயினர், பொதுப் பட்டதாரிகளாயினர். சிறப்புப் பட்டம் பெறப் பல்கலைக்கழகத்துக்குள்ளே நான்காண்டு இருக்க வேண்டும். அந்த நான்காவது ஆண்டை வீட்டில் எவராவது தம் உழைப்பால் வாங்கித் தர வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதை அடையவே தோட்டத் தொழிலாளர் 2021 வரை காத்திருந்தனர் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

முதுகலைமாணியில் இன்னொரு தடை எழுகிறது. இலவசக் கல்வி இளமாணிப் பட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1981 இல் தோன்றிய மகாபொல உதவிப் பணமும் அதனோடு நின்றுவிடும். பாடநெறி வழியான முதுமாணிக்கு மாணவர் கட்டணம் செலுத்த வேண்டும். வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியிலே நடைபெறும். பதுளையிலிருந்து வெள்ளி இரவு புறப்பட்டு, சனி ஞாயிறு வகுப்பிருந்து, திங்கட் காலையிலே மீண்டும் பாடசாலை மணிக்கு வந்து சேர வேண்டும். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை என்று 1945 இல் கூறப்பட்ட வாக்கு, ஒருவன் ஆய்வாளனாகும் வாசலிலே வந்து முடிந்துவிடுகிறது. இரு பட்டங்களையும் ஒரே நெறியாக இணைத்து, ஐந்தாண்டுக்கும் உதவிப் பணம் தொடருமாயின் அவ்வாசல் திறக்கும். இதைப் பல்கலைக்கழக நிருவாகத்தின் உள்விவகாரமென்று எண்ணிவிடலாகாது. இலவசக் கல்வியின் எல்லை எங்கே முடிகிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

ஓர் எதிர்வாதத்தையும் கூறிவிட வேண்டும். ஐந்தாண்டு நெறியில் ஒருமுறை நுழைந்துவிட்டால் திறமையற்றவரும் முதுகலைவரை மிதந்து சென்றுவிடுவர் என்பர். மூன்றாம் ஆண்டிலே பட்டத்தோடு வெளியேறும் வழியும் வைத்தால் இவ்வச்சம் தீரும். திறமையுள்ளவர் வெளியே நிற்பதற்கு இதுவரை எவரும் இத்துணை அஞ்சியதாக நமக்குத் தெரியவில்லை.

பசறையூடாகச் செல்லும் பெருந்தெருவுக்கு ஏ5 என்று இலக்கம். பேராதனையிலே தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியிலே முடிகிறது. ஒரு நுனியில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறு நுனிக்கு அருகே, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம். நமது பிள்ளைகள் இரு திசையிலும் பஸ் ஏறுகின்றனர். யாழ்ப்பாணத்துக்கும் ஒலுவிலுக்கும் செல்வோரும் உளர். இடையிலே, பதுளை நகரில், 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மாகாணத்துக்குக் கிடைத்த பெரும்பேறு அது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே பட்டநெறி உண்டு. சமூகவியலுக்கு இல்லை. மார்ஷல் வார்ட் காலத்து ஒழுங்கு இன்னும் மாறவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. தேயிலைப் பட்டம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதைப் படித்த நமது பிள்ளைகளைக் கண்டு மகிழ்கிறோம். அதன் பக்கத்திலே மற்றதும் இருத்தல் வேண்டும்.

இருந்தால் என்ன கேட்பார்கள்? ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நமது புள்ளிவிவரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், குடியிருக்கும் தொழிலாளர் பதின்மருக்குக் குறையாமலும் உள்ள இடம் தோட்டம். அங்கே வாழ்பவன் தோட்டத்துறையிலே எண்ணப்படுவான். அவனுடைய மகள் படித்து ஆசிரியையாகிப் பசறை நகரிலே வீடெடுத்தால் அந்த எண்ணிக்கையிலிருந்து நீங்கிவிடுவாள். மகன் கொழும்பிலே கடைச் சிப்பந்தியானாலும் அவ்வாறே. முன்னேறியவர் யாவரும் வெளியேறிவிட, எஞ்சியோரை எண்ணி, தோட்டத்துறை கல்வியிலே பின்தங்கியுள்ளது என்று ஆண்டுதோறும் அட்டவணை போடுகின்றனர். அட்டவணை பொய்யன்று, ஆனால் அது காட்டுவது ஒரு மக்களின் வளர்ச்சியை அன்று, ஓரிடத்தில் எஞ்சியதை. அந்த வீட்டின் மூன்று தலைமுறையையும் பெயர் சொல்லித் தொடரக்கூடிய ஒருவர் ஈராண்டு ஊன்றி உழைத்தால்தான் உண்மையான கணக்குக் கிடைக்கும். நமது மாணவிகளிலே அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர்.

வேறு பணியும் காத்திருக்கிறது. 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தனர். ஊவாத் தோட்டங்களிலிருந்து பெட்டியும் படுக்கையுமாகப் பதுளை நிலையத்தில் ரயிலேறித் தலைமன்னாருக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஒரே லயத்திலே அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதப்பட்ட வீடுகள் உண்டு. எவர் எந்த மனுவில் ஏன் கையெழுத்திட்டார், வீட்டுப் பெண்களிடம் எவராவது கேட்டனரா, போனவர் கடிதம் எழுதினரா என்பன எந்தக் கோப்பிலும் இல்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான அன்று பத்து வயதாயிருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். நமுனுகுலவில் அவர்களிற் பலர் இன்னும் இருக்கின்றனர், கேட்டால் சொல்கின்றனர்.